கையால் கற்ற காந்தம்

ஒன்பது வயதுடைய நம் மகள், தேர்வுக்கு முந்தைய மாலையில், காந்தத்தைப் பற்றிய பாடத்தை ஆங்கிலத்தில் ஒப்பித்துக் கொண்டிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து மும்பைக்கு வந்திருந்த பாட்டி, "என்ன கண்ணு படிக்கிறாய்? எனக்கும் சொல்லேன்" என்றார். குழந்தை விழித்தாள். தமிழில் சொல்லச் சொல் இல்லை என்பது மட்டுமன்று. காந்தத்தை அவள் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. வேற்றூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று.

தேர்வு முடிந்ததும், பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து வளையக் காந்தம் ஒன்றைக் கழற்றி அவளிடம் கொடுத்தோம். ஒரே ஒரு விதி வகுத்தோம்: முதலில் ஊகம், அடுத்துச் சோதனை, அதன் பின்னரே விளக்கம்.

"உலோகம் எல்லாம் ஒட்டும்" என்று எழுதிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தாள். தோசைக்கல் ஒட்டியது, அரிவாள்மணை ஒட்டியது. பித்தளை விளக்கும் அலுமினியப் பாத்திரமும் ஒட்டவில்லை. எவர்சில்வர் டம்ளர்களோ, ஒன்று ஒட்டியது, மற்றொன்று மறுத்தது! பாட்டியும் பேத்தியும் பாத்திரங்கள் அனைத்தையும் இறக்கி ஆராய்ந்தனர். இரண்டும் எஃகே, ஆயினும் நிக்கல் மிகுதியாகக் கலந்த எஃகில் அணுக்களின் அடுக்கு வேறாக அமைவதால், அது பெரும்பாலும் காந்தத்துக்கு இணங்குவதில்லை என்று பிறகு விளக்கினோம். அதற்குள் காந்தம், ஈர்ப்பு என்னும் சொற்கள் அவள் நாவில் தாமாகவே பழகியிருந்தன.

அடுத்த ஞாயிறன்று தையல் ஊசி ஒன்றைக் காந்தத்தின் மேல் ஒரே திசையில் நாற்பது முறை தேய்க்கச் சொன்னோம். எஃகினுள் திசைக்கொன்றாய் நிற்கும் நுண்ணிய காந்தப் பகுதிகள் இவ்வாறு தேய்க்கும்போது ஒருமுகப்படுகின்றன, ஊசியே காந்தமாகிறது. அதனைத் தக்கைத் துண்டின் மேல் கிடத்திப் பித்தளைக் கிண்ணத்து நீரில் மிதக்க விட்டாள். கதிரவன் எழும் திசையைக் கொண்டு வடக்கை முன்பே குறித்து வைத்திருந்தாள். ஊசியோ வடக்கை விட்டு வெகுவாக விலகி நின்றது.

"சரியாகத் தேய்க்கவில்லை" என்று சொல்ல வாயெடுத்தோம். நல்ல வேளை, அடக்கிக் கொண்டோம். அவள் கிண்ணத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினாள். கூடத்தின் நடுவே வந்ததும் ஊசி மெல்லத் திரும்பி வடக்கு நோக்கியது. "அப்பா, இரும்பு பீரோதான் ஊசியைக் கெடுத்தது!" என்று கூவினாள். நாம் முந்திப் பேசியிருந்தால், குற்றம் ஊசியினுடையதாகவோ குழந்தையினுடையதாகவோ ஆகியிருக்கும்.

அவள் கண்ட இவ்வுண்மைக்காகவே ஓர் ஆய்வுக்கூடம் இந்நகரை விட்டுக் கடல் கடந்து சென்றது. கொலாபாவில் 1826-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆய்வுக்கூடத்தில், 1841 முதல் பூமியின் காந்தப் புலத்தை முறையாக அளந்து வந்தனர். நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தன. அவற்றுக்கான மின்னோட்டம் அளவுக் கருவிகளைத் தடுமாறச் செய்யும் என்பதால், 1904-இல் அலிபாகில் புதிய கூடம் அமைத்தனர். காந்தத்தால் ஈர்க்கப்படாத பொருள்களைத் தேர்ந்தே அதனைக் கட்டினர். டிராம்கள் 1907-இல் ஓடத் தொடங்கின. 1964-இல் நின்றும் போயின. அலிபாக் கூடமோ இன்றும் பணியாற்றுகிறது. இதைக் கேட்ட குழந்தை, "அவர்களும் கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறார்கள்" என்றாள்!

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இக்கால விளையாட்டுப் பொருள்களில் வரும் சிறிய, வலிமை மிக்க காந்தங்களைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று ஈர்த்து உயிருக்கே கேடு விளைவிக்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாட்டி ஊருக்குப் புறப்படும் நாளில் பேத்தி அந்த ஊசியைத் தக்கையோடு பொதிந்து அவர் பையில் வைத்தாள். எவ்வாறு மிதக்கவிடுவது, எதனருகில் வைக்கலாகாது என்பதையெல்லாம் தமிழிலேயே விளக்கினாள். ஆங்கிலத்தில் ஒப்பித்த அதே பாடந்தான். ஆனால் இம்முறை அது அவளுடையதாக இருந்தது. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் ஓர் ஊசியும் ஒரு கிண்ணம் நீரும் இருக்கும். குழந்தையிடம் கொடுத்துவிட்டுச் சற்றே வாய் மூடியிருங்கள்.