பருப்பு வேகாத தண்ணீரில் பச்சைத் தொட்டி



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் ஒரு புகாரைக் கேட்காதவர் இருக்க முடியாது. "அண்ணாச்சி, உங்க கடைப் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று அரைக் கிலோ துவரம்பருப்பைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். அதே மூட்டைப் பருப்பு இன்னொரு வீட்டில் வெண்ணெயாகக் குழைந்திருக்கும். குற்றம் பருப்பில் இல்லை. போர் தண்ணீரில் இருக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடுவதில்லை. இதை வாடிக்கையாளருக்கு நாற்பது வருடமாக விளக்கிச் சொல்லி வரும் நாங்களே, கண்ணாடித் தொட்டியில் செடி வளர்க்கப் போனபோது அதே தண்ணீரை மறந்து ஏமாந்தோம். நமது சங்க உறுப்பினர் பலரும் இப்போது கடையில் மீன் தொட்டி வைக்கிறார்கள். எங்கள் நஷ்டம் பிறருக்கு லாபமாகட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

முதல் தொட்டி

பேரன் ஆசைப்பட்டான். மீன் மட்டும் நீந்தும் தொட்டி வேண்டாம். கல்லும் கட்டையும் செடியுமாக, ஒரு காடு தண்ணீருக்குள் இறங்கியதுபோல் வேண்டும் என்றான். இந்தக் கலையை உலகறியச் செய்தவர் ஜப்பான் நாட்டின் தகாஷி அமானோ. புகைப்படக் கலைஞரான அவர், 2015-ல் காலமான அதே ஆண்டில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளத் தொட்டியில் நீருக்கடியில் ஒரு வனத்தையே அமைத்துக் கொடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் எங்கள் பேரனும் ஒருவன்.

எங்கள் வீட்டம்மா அன்றே சொன்னார்: "ஊரே குடத்தோட நிக்குது. நீங்க மீனுக்குக் குளம் வெட்டுறீங்களா?" அந்தக் கேள்விக்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை.

3 அடித் தொட்டி, விளக்கு, கரியமில வாயு சிலிண்டர், பார்சலில் வந்த செடிகள் என்று ரூ.14,000 ஆயிற்று. பந்தல்குடிப் பக்கம் போனபோது பேரன் அழகான வெளிர் கற்களைப் பொறுக்கி வந்தான். கரிசல் மண் வளமானது என்று அதை அடியில் பரப்பினோம். போர் தண்ணீரை நிரப்பினோம். நாற்பது நாளில் செடிகள் கூழாகிக் கரைந்தன. செடி விற்றவரிடம் கேட்டோம். "வெளிச்சம் போதாது, இன்னொரு விளக்கு வாங்குங்க" என்றார். அதையும் வாங்கினோம். பாசி படர்ந்ததுதான் மிச்சம். "உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி?" என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்திருந்ததைப் பார்த்த பிறகே விளங்கிற்று. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும். உப்பும் சுண்ணாம்பும் தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றினால், ஒவ்வொரு வாரமும் உப்பு ஏறிக்கொண்டே போகும். கோடை முடிவதற்குள் தொட்டி சிறு உப்பளம் ஆகிவிடும்.

தண்ணீரை முதலில் தீர்மானியுங்கள்

சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் என்றால் அது கடினநீர். சந்தேகமிருந்தால் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்று. மொட்டைமாடியில் விழும் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால் அதுவே நமக்குப் பொக்கிஷம். பாதி போர் தண்ணீர், பாதி மழைநீர் என்று நிரப்பலாம். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் மழைநீரையே ஊற்ற வேண்டும். இது முக்கியம்.

எடையையும் கணக்குப் பாருங்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரத் தொட்டி ஏறத்தாழ 127 லிட்டர் கொள்ளும். கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 200 கிலோவை நெருங்கும். நான்கு மூட்டை அரிசியைத் தாங்காத மேசையில் தொட்டியை வைக்காதீர்கள்.

கல்லும் மண்ணும்

கல்லை நம் கடைச் சரக்கை வைத்தே சோதிக்கலாம். காய்ந்த கல்மீது நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளது, தொட்டிக்கு ஆகாது. பேரன் பொறுக்கிய கல் நுரைத்தது. பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி, எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. சுக்கான்கல்லும் அப்படியே. கருங்கல்லும் வெங்கச்சாங்கல்லும் நுரைக்காது, தாராளமாக வைக்கலாம்.

கற்களை அடுக்குவதில் ஜப்பானியர் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 3, 5, 7 என ஒற்றைப்படையில் கற்களை எடுக்க வேண்டும். பெரிய கல் தலைமைக் கல். அதை நட்டநடுவில் வைக்காமல், நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். மற்றவை அதற்குத் துணை. கல்லின் வரியோட்டம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இயற்கையாகத் தெரியும். கற்களைத் தொட்டிக்குள் வைக்கும் முன் தரையில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு அடுக்கிப் பாருங்கள். பத்து முறை மாற்றினாலும் செலவில்லை.

கரிசல் மண் வேண்டாம். அது களிமண், கலங்கினால் தெளியாது, சுண்ணாம்புக் கட்டியும் கலந்திருக்கும். எரு கலக்காத செம்மண்ணைச் சலித்து ஓர் அங்குலம் பரப்பி, மேலே 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள, கழுவிய சிறுகல் போடுங்கள். முன்பக்கம் 2 அங்குலம், பின்பக்கம் 4 அங்குலம் என்று சரிவாக இருந்தால் தொட்டி ஆழமாகத் தோன்றும். பச்சைக் கட்டை போட்டால் அழுகும். நன்கு காய்ந்த வன்மரக் கட்டையைப் பட்டை உரித்து, வேகவைத்து, சாயம் இறங்கும்வரை ஊறப்போட்டுப் பிறகு வையுங்கள்.

செடியும் மீனும்

நெட்டையானது பின்னால், நடுத்தரம் நடுவில், குட்டையானது முன்னால். கடை அலமாரியில் சரக்கு அடுக்குவதுபோலத்தான். கடினநீரையும் வெக்கையையும் தாங்குபவை சில உண்டு. பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா. நடுவில் இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டி. கல்லிலும் கட்டையிலும் நூலால் கட்ட அனுபியாஸ், ஜாவா பெரணி. இவ்விரண்டின் தண்டையும் மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். இவற்றுக்குச் சிலிண்டர் தேவையில்லை. விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்; நேர்வெயில் பட்டால் பாசி பிடிக்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடினால் சூடு தணியும்.

கண்மாய்ச் செடியை அப்படியே போடாதீர்கள். நத்தையும் அட்டையும் கூட வரும். நம் கடையில் விற்கும் படிகாரத்தைக் கரைத்து அதில் ஊறவைத்து, நன்றாக அலசிப் பிறகு நடலாம். மிஞ்சிய தொட்டிச் செடியைக் கண்மாயிலும் கொட்டாதீர்கள். அழகுக்கென்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடிக்கிடப்பதைப் பார்க்கிறோமே!

செடி நட்ட அன்றே மீனை விடக்கூடாது. கழிவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக மூன்று, நான்கு வாரம் ஆகும். பிறகு கப்பி, மோலி போன்ற கடினநீர் தாங்கும் மீன்களைச் சிலவாக விடலாம்.

இரண்டாவது தொட்டி

இந்த முறைப்படி அமைத்த எங்கள் இரண்டாவது தொட்டி இரண்டு கோடையைக் கடந்து நிற்கிறது. கல்லுக்குச் செலவில்லை, செடிக்கு ரூ.600 ஆயிற்று. வாரம் 25 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்கும் குறைவான தண்ணீரை மாற்றுகிறோம். எடுத்த தண்ணீர் சாக்கடைக்குப் போவதில்லை. முருங்கைக்கும் மல்லிகைக்கும் போகிறது. மீன் கழிவு அதற்கு உரம். வீட்டம்மாவின் கேள்விக்கு இதுதான் எங்கள் பதில். இப்போது அந்தத் தண்ணீரை அவரே கேட்டு வாங்கிப் போகிறார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். அந்தச் செடிக்காரர் போலிச் சரக்கு விற்கவில்லை. நல்ல செடிதான் கொடுத்தார். ஆனால் எந்தத் தண்ணீருக்குப் போகிறது என்று கேட்காமல் கொடுத்தார். நாங்கள் அவரிடம் மறுபடி போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கடையில், பருப்பு கேட்டு வரும் புது வாடிக்கையாளரிடம் முதலில் கேட்கிறோம்: "உங்க வீட்ல குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா?" போர் தண்ணீர் என்றால், "ராத்திரியே ஊறப்போடுங்க, குடிக்கிற தண்ணியில வேகவைங்க" என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டுகிறோம். பருப்பு திரும்பி வருவது குறைந்திருக்கிறது.