வகுப்பறையில் ஒரு துயர வரலாறு



இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஏறக்குறைய 60 இலட்சம் யூத மக்கள் நாஜி ஆட்சியினராலும் அவர்தம் கூட்டாளிகளாலும் கொல்லப்பட்டனர். இதனைச் சரித்திர பாடத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடலாம். மாணாக்கரும் மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிவிடுவர். ஆயின் அத்துணைப் பெரிய எண்ணை இளம் உள்ளம் எங்ஙனம் பற்றிக்கொள்ளும்? கொலைக்களக் காட்சிகளை மட்டுமே காட்டுவோமாயின், பிள்ளைகள் அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வர்; இஃது அரக்கர் செய்த செயல், மனிதர் செய்யார் என்று எண்ணி ஆறுதலும் அடைவர். அக்கொடுமை படிப்படியாக வளர்ந்த வகையை ஒரு நாட்டின் வரலாறுகொண்டு விளக்குவதே சிறந்த வழி.

ஒல்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்வோம். 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மன் படைகள் அதனைக் கைப்பற்றியபொழுது, அங்கே ஏறக்குறைய 140,000 யூதர் வாழ்ந்தனர். அவர்களுள் வணிகர், வைத்தியர், ஆசிரியர், தொழிலாளர் எனப் பலரும் இருந்தனர். தொடக்கத்தில் அவர்களை நோக்கி வந்தவற்றுள் ஒன்று ஒரு படிவம். அரசாங்க ஊழியரும் ஆசிரியரும் தாம் யூதரோ அல்லரோ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது கட்டளை. மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் யூத ஊழியர் பதவியினின்றும் விலக்கப்பட்டனர். 1941 ஜனவரியில் யூதர் அனைவரும் தம் பெயரைப் பதிய வேண்டுமென ஆணை பிறந்தது. அவ்வாண்டுக் கோடை விடுமுறை முடிந்ததும் யூதப் பிள்ளைகள் தம் தோழரைப் பிரிந்து தனிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் நாட்குறிப்பால் உலகறிந்த ஆன் பிராங்க் என்னும் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. 1942 மே மாதத்தில் மஞ்சள் நிற நட்சத்திரத்தை உடையில் தைத்து அணியுமாறு பணித்தனர். ஜூலையில் புகைவண்டிகள் புறப்பட்டன. கொண்டுசெல்லப்பட்டோர் ஏறக்குறைய 107,000 பேர். மீண்டோர் ஏறக்குறைய 5,000 பேரே.

ஆசிரியர் இப்படிகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு வினாவை எழுப்பலாம்: இக்கட்டளை நிறைவேற யார் யார் துணை வேண்டியிருந்தது? படிவத்தை அச்சிட்டவர், பெயரைப் பதிந்த எழுதுவினைஞர், மாணவரை இடாப்பினின்றும் நீக்கிய தலைமையாசிரியர், புகைவண்டியைச் செலுத்தியவர் என மாணாக்கரே விடை காண்பர். அதன்பின் அடுத்த வினா தானே பிறக்கும்: மறுத்தவர் எவருமில்லையா?

மறுத்தவரும் இருந்தனர். யூதப் பேராசிரியர் மெய்யர்ஸ் விலக்கப்பட்டபொழுது, லைடன் சர்வகலாசாலையின் சட்டபீடாதிபதி கிளெவெரிங்கா 1940 நவம்பர் 26ஆம் நாள் மாணவர் முன்னிலையில் அதனைக் கண்டித்துப் பேசினார், மறுநாளே சிறைப்பட்டார். 1941 பெப்ரவரியில், யூத இளைஞர் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டமை கண்டு ஆம்ஸ்டர்டாம் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டு நாளில் அது வன்முறையால் ஒடுக்கப்பட்டது.

மாணாக்கர் நெஞ்சில் நிலைக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. அதே நகரில் ஒரு நாடகசாலையில் யூதர் அடைக்கப்பட்டனர். குழந்தைகள் எதிரேயிருந்த காப்பகத்தில் வைக்கப்பட்டனர். அதன் தலைவி ஹென்றியற்றா பிமெந்தெல், நாடகசாலை அலுவல்களைக் கவனித்த வால்டர் சூஸ்கின்ட் ஆகிய யூதர் இருவரும் குழந்தைகளின் பெயர்களைப் பதிவேட்டினின்றும் மறைத்தனர். அயலிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் தலைவர் யொஹான் வான் ஹுல்ஸ்ட், தோட்டவேலிக்கு மேலாகக் குழந்தைகளைப் பெற்று மறைத்துவைத்தார். திராம் வண்டி வந்து காவலரின் பார்வையை மறைக்கும் கணத்தில் அவர்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்டனர். பரீட்சைக்கு வந்த வித்தியாதரிசி ஒருவர் குழந்தைகளைக் கண்டும் காட்டிக்கொடுக்கவில்லை. கவனமாயிருக்குமாறு சொல்லிச் சென்றார். இவ்வாறு ஏறக்குறைய 600 குழந்தைகள் பிழைத்தனர். பிமெந்தெல் அம்மையார் 1943இல் அவுஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். காப்பகம் மூடப்பட்டபொழுது, எஞ்சியிருந்தோருள் 12 பேரையே வான் ஹுல்ஸ்ட் அழைத்துச்செல்ல முடிந்தது. பதின்மூன்றாவது பிள்ளையை ஏன் அழைத்துவரவில்லை என்னும் வினா முதுமையிலும் அவரை வருத்திற்று.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பிள்ளைகளைக் காவலராகவும் கைதிகளாகவும் நடிக்கச்செய்தல் தகாது. அது மாண்டோரின் துயரை விளையாட்டாக்கிவிடும். காப்பாற்றியவர் மிகச் சிலரே என்பதையும் மறைத்தலாகாது. "நாங்கள் அங்கிருந்தால் என்ன செய்திருப்போம்?" என்று மாணவன் ஒருவன் வினவுவானாயின், ஆசிரியர் விரைந்து விடைகூற வேண்டுவதில்லை. தோழன் ஒருவனை வகுப்பினின்றும் விலக்குமாறு கூறும் தாள் தன் கையில் தரப்படின் தான் யாது செய்வான் என்பதை அவனே எண்ணிப்பார்க்கட்டும்.