கார்ட்னர் ஃபாக்ஸ் (1911–1986)

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்து, சட்டம் பயின்று வக்கீலாகவும் பதிவு பெற்ற கார்ட்னர் ஃபாக்ஸ், பொருளாதார மந்தம் நீடித்த 1930களின் பிற்பகுதியில், ஜீவனோபாயத்தை முன்னிட்டுச் சித்திரக்கதை எழுதப் புகுந்தவர். பேட்மேன் இடையில் அணியும் கருவிப்பட்டை, 1939இல் இவர் எழுதிய கதையிலேதான் முதன்முதலாகத் தோன்றிற்று; மின்னலென ஓடும் ஃபிளாஷ், சிறகு பூண்ட ஹாக்மேன் ஆகிய பாத்திரங்களின் சிருஷ்டியிலும், தனித்தனியே சாகசம் புரிந்துவந்த வீரர்களை ஒரே சபையில் கூட்டிவைத்த 1940ஆம் ஆண்டுப் புதுமையிலும் இவருக்குப் பிரதான பங்குண்டு. ஆயினும், பழைய ஃபிளாஷும், அதே பெயரில் பின்னர் வந்த புதிய ஃபிளாஷும் வெவ்வேறு பூமிகளில் வசிப்பவர்கள் எனக் கற்பித்து, அவ்விருவரையும் நேருக்கு நேர் சந்திக்கவைத்த 1961ஆம் ஆண்டுக் கதையே இவரது கற்பனையின் சிகரம் என்று கொள்ளலாம்; இவர் எழுதிவந்த சித்திரக்கதைப் பதிப்பகமான டி.சி. நிறுவனம் பின்னாளில் இணையுலகக் கதைகளைப் பெருக்கியதற்கு வழிவகுத்ததும் அதுவே.

எழுத்தாளர்க்கு மருத்துவக் காப்புறுதி முதலிய வசதிகள் வேண்டுமென எழுந்த பிணக்கில், 1968இல் டி.சி.யை விட்டு நீங்கிய ஃபாக்ஸ், அதற்கு முன்பே கைவந்திருந்த நாவல் துறையில் முனைந்து, கோதார் என்னும் வாள்வீரனின் கதைகளைத் தம் பெயரிலும், காதற்கதைகளை லின்னா கூப்பர் என்ற பெண்பெயரிலும் வெளியிட்டார். இவருடைய கடிதங்களும் பிரதிகளும் ஓரிகன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.