மழை பெய்தால் அணையும் ஐஸ்பெட்டி

பழைய கேம்பர் வேனில் விட்டு விட்டு வரும் மின்கோளாறை யாரிடமும் காட்ட முடியாது. கடற்கரையில் நிறுத்திய இரவில் மூன்று முறை விளக்கு அணையும். மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனால் எல்லாம் ஒழுங்காக எரியும். "ஒன்னும் இல்லையேம்மா" என்பார் பட்டறைக்காரர். ஆனாலும் எதையாவது மாற்றிவிட்டுத்தான் அனுப்புவார்.

எங்கள் வேன் ஒரு ரசீதுக் கட்டோடு வந்தது. 1990களில் தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்கிய வண்டி அது. முந்தைய உரிமையாளர் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் ஐஸ்பெட்டி, இவற்றுக்கென்று தனியாக ஒரு பேட்டரி எல்லாம் வைத்திருந்தார். ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தேன்: நான்கு ஆண்டுகளில் மூன்று பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர், இரண்டு ரிலே. ஏறக்குறைய 2,000 வெள்ளி. கோளாறு மட்டும் போகவில்லை.

எங்களுக்கு விளக்கு அணைவது பெரிய கவலை இல்லை. ஐஸ்பெட்டிதான் கவலை. அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருக்க வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஜொகூர் வெயிலில் மூடிக் கிடக்கும் வேனுக்குள் அதற்கு என்ன கதி? பள்ளி விடுமுறைக்கு மெர்சிங் பக்கம் இரண்டு இரவு போகலாம் என்று பேச்செடுத்தபோது அம்மா ஒரே வரியில் முடித்தார்: "அந்தப் பெட்டிய நம்ப முடியாதுன்னா, நான் வீட்லயே இருந்துக்கிறேன்."

என் கணவரின் பெரியப்பா குளுவாங்கில் இருக்கிறார். செம்பனை ஆலையில் மின்சாரப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன் போட்டதும் வண்டியைக் கொண்டு வா என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கும்மா. எப்ப அணையுது, எஞ்சின் ஓடுதா நிக்குதா, மழையா வெயிலா, எல்லாம் எழுது. அப்புறமா வண்டியப் பாக்கலாம்."

மூன்று வாரத்தில் ஏழு முறை அணைந்தது. ஏழு முறையும் எஞ்சின் நின்றிருந்தது. ஆறு முறை மழை.

எஞ்சின் விஷயத்தைப் பெரியப்பா உடனே பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறது. வழியில் எங்கோ ஒன்றரை வோல்ட் வீணானாலும் ஐஸ்பெட்டிக்குப் பன்னிரண்டரை கிடைத்துவிடும். எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி தருவதே பன்னிரண்டரைதான். அதில் ஒன்றரை போனால் மிச்சம் 11. பேட்டரி தீர்ந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டு ஐஸ்பெட்டி தானே நின்றுவிடும். பட்டறையில் கோளாறு தெரியாததற்கும் இதுதான் காரணம். அங்கே எஞ்சினை ஓடவிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். சும்மா வைத்தால் தெரியாது. பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒரே இழை மிஞ்சினாலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். வேலை கொடுத்தால்தான் வயரின் பலவீனம் வெளியே வரும். அதற்காகப் பெரியப்பா ஒரு பழைய முகப்பு விளக்கு பல்ப் வைத்திருக்கிறார். 55 வாட், நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஐஸ்பெட்டிக்குப் போகும் இரண்டு வயரிலும் அதைக் கவ்வவிட்டார். (சில நொடியில் தொட முடியாத அளவுக்குச் சுடும். பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.)

பல்ப் எரிந்தது. பேட்டரியில் 12.5, பல்பில் 12.0. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய கணக்கு. சரி, மழையை நாமே வரவழைப்போம் என்று, பூச்செடிக்கு ஊற்றும் வாளியை எடுத்து வண்டியின் அடியிலும் கதவோரத்திலும் தண்ணீர் அடித்தோம். பல்ப் அசையவில்லை. அரை மணி நேரம் அடித்தும் அதே 12.0.

பெரியப்பா காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "மழை பெஞ்சா நீங்க எல்லாம் எங்கம்மா இருப்பீங்க?"

எங்கே இருப்போம்? வெயிலில் பாய் விரித்து வெளியே உட்கார்ந்திருப்போம். மழை வந்தால் ஐந்து பேரும் வேனுக்குள்.

என் கணவரைப் பக்கக் கதவின் படியில் ஏறி நிற்கச் சொன்னார். பல்ப் மங்கியது. இறங்கச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. மறுபடி ஏறினார், 10.9.

அதற்கப்புறம் வேலை சுலபம். கோளாறு கண்ணெதிரே நிற்கிறதல்லவா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை ஐஸ்பெட்டியின் நெகட்டிவிலும் வைத்தோம். ஒழுங்கான இணைப்பாக இருந்தால் அங்கே 0.1, 0.2 வோல்ட்தான் காட்ட வேண்டும். 1.4 காட்டியது. எல்லோரும் சந்தேகப்பட்டு மாற்றிய பாசிட்டிவ் பக்கத்தில் வெறும் 0.2.

வாகனங்களில் நெகட்டிவ் பக்கத்துக்குப் பெரும்பாலும் தனி வயர் போவதில்லை. வண்டியின் இரும்பு உடம்பே வயர். இங்கே வளைய முனையைப் பெயின்ட் சுரண்டாமல், படிக்கு அடியில் ஒரு தகர ஸ்குருவால் முடுக்கியிருந்தார்கள். கடற்காற்றில் ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகிவிட்டது. படியில் பாரம் ஏறினால் தகடு வளைந்து முனை தளரும். பெரியப்பா கணக்குப் போட்டுச் சொன்னார்: அந்தச் சின்ன இடத்தில் 6 வாட் சூடு. பம்பும் விளக்கும் சேர்ந்து ஓடினால் இன்னும் அதிகம். ஸ்குருவைச் சுற்றி இருந்த பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பாகியிருந்தது. இன்சுலினை விட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த இடத்தையே கைவிட்டோம். ஐஸ்பெட்டி, விளக்கு, பம்ப் எல்லாவற்றின் நெகட்டிவையும் ஒரு பித்தளைக் கட்டையில் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரை நேராகப் பேட்டரிக்கு இழுத்தோம். செலவு 60 வெள்ளிக்குள். பேட்டரியில் கை வைக்கும் முன் என் வளையல்களைக் கழற்றச் சொன்னார் பெரியப்பா. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் உலோகம் பட்டால் சதை வெந்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பியூஸ் காப்பது வயரை. பெரிதாகப் போட்டால் பியூஸுக்குப் பதில் வயர் எரியும். இன்னொன்று, நான் சொன்னதெல்லாம் 12 வோல்ட்டுக்குத்தான். வெளியிலிருந்து 240 வோல்ட் எடுக்கும் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாங்கள் தண்ணீர் அடித்தோம். அந்தப் பக்கம் கோளாறு என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பெரியப்பாவே அதைத் தொடவில்லை.

மெர்சிங்கில் இரண்டு இரவும் மழை. ஐந்து பேரும் உள்ளேதான் இருந்தோம். அம்மா மணிக்கொரு தரம் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்ததில் உள்ளே 7 டிகிரிக்கு ஏறியதே தவிர, பெட்டி நிற்கவில்லை. படுக்கைக்கு மேலே உள்ள சின்ன விளக்கு மட்டும் எப்போதாவது மினுக்குகிறது. நோட்டுப் புத்தகத்தில் அதற்குப் புதுப் பக்கம் போட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை, இரண்டும் வெயிலில்.