கல்யாண கேசட்டைக் கைவிடாதீர்கள்!

வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை, கணியம்பாடி ஒன்றியத்தில்தான் இருக்கிறது. லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, மஞ்சள் காயும் முன்பே எல்லைக்குத் திரும்பிய மாப்பிள்ளைகளின் ஊர். அவர்கள் தங்கள் கல்யாணத்தை ஆற அமரப் பார்த்தது, அடுத்த லீவில், வீடியோ கேசட்டில்தான்.

அந்தக் கேசட்டுகள் இப்போது பீரோவிலிருந்து இறங்கி, பென்டிரைவில் ஃபைலாக மாற ஸ்டூடியோக்களுக்கு வருகின்றன. வீட்டுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘நம்ம பிளேயர்ல ஓடணும்.’

அதில்தான் சிக்கல். 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவியில் பென்டிரைவ் செருக வழியில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான். பக்கத்தில் யுஎஸ்பி வைத்த டிவிடி பிளேயர் வேண்டும். அந்த மாதிரி பிளேயர்கள் பலவற்றுக்குத் தெரிந்தது எம்பெக்-2, எக்ஸ்விட் போன்ற பழைய பார்மேட்டுகளே. இன்றைய போன் எடுக்கும் எச்.265 வீடியோவைக் கொடுத்தால் விழிக்கும். ஆகவே கடைக்காரர் ஃபைலைச் சுருக்கி, பிளேயருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மாற்றிய பிறகு மூலத்தைத் தூக்கிப் போடுகிறோமே, என் கவலை அதுதான். இப்படிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும், போனது திரும்பாது. டிவிடியில் ஒரு காட்சி 720க்கு 576 புள்ளிகள். விசிடியில் வெறும் 352க்கு 288. இருபது வருடத்துக்கு முன் கேசட்டை விசிடியாக்கிவிட்டு எறிந்த வீடுகளில், அந்த விசிடியையே எம்பி4 ஆக்கி, அதை வாட்ஸ்அப்பில் வேறு அனுப்புகிறார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பாட்டியின் முகம் இப்போது கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பாட்டிக்கு வேறு போட்டோவே இல்லாத வீடுகளும் உண்டு.

போனில் பார்க்க இது போதாதா என்பார்கள் சிலர். நாளை பேரன் வாங்கும் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால் தெரியும்.

கேசட்டுக்கும் நாள் குறைவு. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. விசிஆர் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இருக்கும் பழைய மெஷின்களை வைத்துத்தான் இந்த வேலை நடக்கிறது.

எல்லாவற்றையும் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. டிவிடியில் உள்ள விஓபி ஃபைல்களை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுக்கலாம். எம்கேவி வகை ஃபைல் ஓடாத டிவிக்கு, பெரும்பாலும் படத்தைத் தொடாமல் ஃபைலின் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றினாலே போதும். சில நிமிட வேலை. பென்டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. அதற்காகப் படத்தை நசுக்காமல் இரண்டாக வெட்டச் சொல்லுங்கள்.

கடைக்குப் போனால் இரண்டு ஃபைல் கேளுங்கள்: பிளேயருக்கு ஒன்று, சுருக்காத பெரியது ஒன்று. பெரியதை இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டையும் மறக்காமல் திருப்பி வாங்கி வாருங்கள்.