காவலனை உள்ளே விட மறுக்கும் கணினி

இணைய வங்கிச் சேவைக்குப் பதிவுசெய்யும் வாடிக்கையாளரிடம் வங்கி தவறாமல் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸ் மென்பொருள் இருத்தல் வேண்டும் என்பதாகும். அதன்படி ஒருவர் ஓராண்டுச் சந்தாவுடன் அம்மென்பொருளை வாங்கி வருகிறார். நிறுவத் தொடங்குகிறார். திரையில் கோடு பாதி தூரம் ஓடி நின்றுவிடுகிறது. 'நிறுவ இயலவில்லை' என்னும் ஒற்றை வரியும் ஒரு பிழை எண்ணும் தோன்றுகின்றன. இனி என்ன செய்வது? இக்கேள்வியைக் கணினிக் கடையில் கேட்பவர்களைப் போலவே வங்கிக் கிளையில் கேட்பவர்களும் உண்டு. அறிவுரை கூறியவர்கள் நீங்கள்தாமே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

அவ்வாறு கேட்க வருவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டே வருகின்றனர். ஒரு சாரார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அதே கணினியில் மின்கட்டணம் செலுத்துவதையும் வைப்புக் கணக்கு தொடங்குவதையும் தொடர்கின்றனர். மற்றொரு சாரார், தேடுபொறியில் கிடைத்த ஏதோ ஓர் உதவி எண்ணை அழைத்துவிடுகின்றனர். எனக்கு அதிக அச்சம் தருவது பின்னதுதான். அதைச் சற்றுப் பின்னர் விரிவாகக் கூறுகிறேன்.

நான் வணிகவியல் படித்தவன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் கணக்கு பத்து ரூபாய் உதைத்தால் தொகையைத் திருத்தாதே, காரணத்தைத் தேடு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அம்முறை இங்கும் செல்லும். ஆன்டிவைரஸ் ஏற மறுப்பதற்கான காரணங்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ஒரு காரணம் மட்டும், திருடன் முன்பே உள்ளே புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டான் என்பதாக இருக்கக்கூடும். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். ஆகவே காரணம் இன்னதென்று தெளிவாகும் வரை அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யவும் வேண்டாம். ஓரிரு நாள்களுக்குக் கைப்பேசிச் செயலியிலோ கிளையிலோ பணிகளை முடித்துக்கொள்ளலாம்.

அதற்காகப் பதற்றம் தேவையில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுடன் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்னும் காவல் மென்பொருள் இலவசமாகவே வருகிறது. வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் வந்து பொறுப்பேற்றால் அது தானே விலகி நிற்கும். வரவில்லையெனில் தன் பணியைத் தொடரும். தேடல் பெட்டியில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்து, திறக்கும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சைக் குறிகள் இருந்தால் வீடு திறந்து கிடக்கவில்லை என்று பொருள். அதே பக்கத்தின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்றொரு வரி உண்டு. இப்போது காவலில் இருப்பவர் யார் என்பதை அது பெயர் சொல்லிக் காட்டும். இப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

எளிய காரணங்களை விரைவாகக் கடந்துவிடலாம். கணினியை ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். விண்டோஸ் தன் புதுப்பிப்பைப் பாதியில் வைத்திருந்தால் வேறெதையும் ஏற்காது. பிழை எண் 1618 என்றிருந்தால் வேறொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள், காத்திருந்தால் போதும். வட்டில் சில ஜிபி இடமாவது காலியாக இருக்கிறதா, நீங்கள் நுழைந்திருப்பது நிர்வாகி உரிமையுள்ள கணக்கா, பதிவிறக்கம் முழுமையாக முடிந்ததா என்று பாருங்கள். சில புதிய மடிக்கணினிகள் 'எஸ் மோட்' என்னும் நிலையில் விற்கப்படுகின்றன. அந்நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளைத் தவிர வேறெதுவும் ஏறாது. அதிலிருந்து வெளியேறக் கட்டணமில்லை. ஆனால் வெளியேறியபின் திரும்ப இயலாது.

இவை எதுவும் இல்லையெனில், அடுத்து ஐயுற வேண்டியது பழைய காவலனை. மடிக்கணினி வாங்கும்போதே முப்பது நாளுக்கோ ஓராண்டுக்கோ ஏதேனும் ஓர் ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு அதில் ஏற்றப்பட்டிருக்கும். காலம் முடிந்ததும் 'புதுப்பியுங்கள்' என்ற அறிவிப்பு நாள்தோறும் எட்டிப் பார்க்கும். நாமும் அதை மூடி மூடிப் பழகிவிடுவோம். பின்னொரு நாள் வேறு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கிவந்து ஏற்ற முயலும்போது மோதல் எழுகிறது. வங்கிப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் உண்டு. அவற்றை இரு அதிகாரிகள் தனித்தனியே வைத்திருப்பார்கள். இருவரும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதால்தான் அந்த ஏற்பாடு நடக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ்கள் அப்படி அல்ல. கணினியின் மிக ஆழமான பகுதியில் நின்று ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பது இரண்டிற்குமே தொழில். ஒன்று மற்றொன்றின் நடமாட்டத்தைத் திருடனுடையதாகவே எண்ணும். அதனால்தான் முன்னவர் இருக்கும் வரை பின்னவர் நுழைய மறுக்கிறார்.

பழையதை 'செட்டிங்ஸ்' வழியாக நீக்கிவிட்டேனே, இன்னும் ஏறவில்லையே என்பார்கள். வழக்கமான முறையில் நீக்கினால் பல வேளைகளில் எச்சங்கள் தங்கிவிடுகின்றன. சிறு கோப்புகளும் பதிவேட்டுக் குறிப்புகளும் அப்படியே இருக்கும். புதிய மென்பொருள் அவற்றைக் கண்டு, முன்னவர் இன்னும் பதவியில் இருப்பதாகவே கருதும். முன்பு குறித்துக்கொள்ளச் சொன்ன பெயர் இங்கேதான் பயன்படும். மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கை, அவாஸ்ட் போன்ற நிறுவனங்கள் தத்தம் மென்பொருளை வேரோடு களைவதற்கென்றே தனிக் கருவிகளை இலவசமாக அளிக்கின்றன. உரிய நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து அக்கருவியைப் பெற்று இயக்கி, கணினியை மறுபடி தொடங்கி, அதன்பின் புதியதை நிறுவ வேண்டும். சில கருவிகள் 'சேஃப் மோட்' என்னும் குறைந்தபட்ச இயக்க நிலையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் புதியதை அங்கிருந்தே நிறுவ முயல வேண்டாம். விண்டோஸின் நிறுவல் சேவை அந்நிலையில் இயல்பாக இயங்குவதில்லை.

இங்கே வங்கிக்காரனாக ஒரு குறிப்பு. மென்பொருளை நீக்குவதால் அதன் சந்தா நீங்கிவிடாது. அட்டை வழியாகத் தானியங்கிப் புதுப்பிப்புக்கு முன்பு சம்மதித்திருந்தால், பணம் ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய தொடர் பற்றுக்கு 24 மணி நேரத்திற்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். அந்த அனுமதியை அட்டை வழங்கிய வங்கியிலேயே ரத்து செய்துகொள்ளலாம்.

அடுத்த காரணம் விந்தையானது. வங்கியில் காசோலை வாங்கிப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்குவது. கணினியை அணைத்தாலும் அதன் கடிகாரம் ஓடுவதற்காக உள்ளே நாணய வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அது சிஆர் 2032 என்னும் வகை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால், கணினி விழிக்கும்போதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். இன்று வெளியாகும் ஆன்டிவைரஸ் மென்பொருள் அதன் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பத்தோடு வருகிறது; கையொப்பத்தை உறுதிசெய்யும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி இன்னும் 2015-இல் இருப்பதாக நம்பினால், அச்சான்றிதழ் அதற்குப் பின்தேதியிட்ட காசோலை போன்றது. ஏற்க மறுப்பது முறைதானே! வங்கியின் இணையதளமும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்னும் எச்சரிக்கையைக் காட்டுமானால், திரையின் மூலையிலுள்ள தேதியை முதலில் பாருங்கள். மின்கலத்தின் விலை மிகச் சொற்பம்.

பழைய விண்டோஸ் மற்றொரு தடை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்றும் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 7-இல் கையொப்ப முறை தொடர்பான ஒரு புதுப்பிப்பு இடம்பெறாவிடில், இன்றைய ஆன்டிவைரஸ்களின் கையொப்பத்தை அதனால் படிக்கவே இயலாது. எப்படியோ முயன்று ஏற்றிவிட்டாலும், அடித்தளம் பழுதான வீட்டில் காவலனை நிறுத்திய கதைதான். அத்தகைய கணினியைக் கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பணிக்கு வேண்டாம்.

இனி, திருடன் உள்ளே இருக்கும் நிலை. இது கற்பனை அன்று. 2008 நவம்பரில் வெளிப்பட்டு உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்னும் கணினிப் புழு, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களைத் திறக்கவிடாமல் தடுத்தது. விண்டோஸ் புதுப்பிப்பையும் முடக்கியது. இத்தனைக்கும் அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. அன்றுமுதல் தீநிரல் எழுதுவோர் பலரும் இவ்வழியைக் கையாள்கின்றனர். அடையாளங்கள் சில உண்டு. மற்ற தளங்கள் எல்லாம் திறக்க, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் இருக்கும். நிறுவல் கோப்பைச் சொடுக்கியதும் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். டாஸ்க் மேனேஜரோ விண்டோஸ் செக்யூரிட்டியோ திறக்க மறுக்கும். 'கிராக்' செய்த விண்டோஸையோ அலுவலக மென்பொருளையோ ஏற்றிய கணினி எனில் ஐயம் இன்னும் வலுக்கிறது. அவற்றை இயக்கும் கருவிகள் தொடக்கத்திலேயே ஆன்டிவைரஸை அணைத்துவிடுமாறு கேட்பதை நினைவுகூருங்கள். காவலனை வெளியே அனுப்பினால்தான் உள்ளே வருவேன் என்பவன் யாராக இருப்பான்?

இவ்வடையாளங்கள் தென்பட்டால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே சோதனை நடைபெறும்; ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆகலாம். தீநிரல் எழுந்து ஒளிந்துகொள்வதற்குள் பிடிப்பதே இதன் சூட்சுமம். நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 முதல் நடத்திவரும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்னும் மையமும் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக அளிக்கிறது. அவற்றைத் தூய்மையான வேறொரு கணினியில் பதிவிறக்கி எடுத்துவருவது நல்லது. இவற்றாலும் தீரவில்லையெனில், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு விண்டோஸை முழுவதுமாக மறுநிறுவல் செய்வதே வழி. இடையில் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். ஆனால் அதை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். விசைகளைப் பதிவுசெய்யும் நிரல் உள்ள கணினியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், அதையும் அவனிடம் கொடுத்ததாகவே ஆகும்.

உதவி எண்ணுக்கு வருகிறேன். எங்கள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆன்டிவைரஸ் ஏறாததால் அதன் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். மிகப் பணிவான குரல். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை ஏற்றச் சொன்னது; திரையில் ஏதேதோ சிவப்பு வரிகளைக் காட்டி, உங்கள் கணினியில் ஊடுருவல் நடக்கிறது என்றது; பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் அட்டை வழியே செலுத்தச் சொன்னது. பத்து ரூபாய்க்காக அவர் தட்டிய அட்டை எண்ணும் ஒருமுறை கடவுச்சொல்லும் வேறு தொகைகளுக்குப் பயன்பட்டன. "என் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தவர் அவர்தான் சார், அவரை எப்படிச் சந்தேகப்படுவேன்?" என்று அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அன்றே கிளைக்கு வந்ததால் ஒரு பகுதியை மற்றொரு வங்கியில் நிறுத்திவைக்க முடிந்தது. மீதி போனது போனதுதான். ஆன்டிவைரஸ் ஏறாததற்குக் காரணம் எது தெரியுமா? காலாவதியான சோதனைப் பதிப்பொன்றின் எச்சம்!

எந்த நிறுவனத்தின் உதவி எண்ணாயினும், வாங்கிய பெட்டியின் மீதோ, நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து திறந்த இணையதளத்திலோ இருப்பதை மட்டும் நம்புங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் இடம்பிடிக்க எவரும் விளம்பரக் கட்டணம் செலுத்தலாம். உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது, வேண்டாமெனில் இந்த எண்ணை அழையுங்கள் என்று வரும் மின்னஞ்சலும் இதே வகைதான். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கவைப்பதே அவர்கள் நோக்கம்.

பணம் போய்விட்டதெனத் தெரிந்தால், கணினியைச் சரிசெய்வதில் நேரத்தைச் செலவிடாமல் உடனே உங்கள் வங்கியையும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று வகுத்தது. கடவுச்சொல்லை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் நேரம் வரையான இழப்பு அவருடையது. அதற்குப் பிந்தைய இழப்பு வங்கியுடையது. இதில் ஒவ்வொரு மணி நேரமும் ரூபாயாக எண்ணப்படுகிறது.

எல்லாம் சரியாகி ஆன்டிவைரஸ் ஏறிவிட்டால், முதல் வேலையாக முழுச் சோதனையை ஓடவிடுங்கள். ஓரிரவு முழுவதும் ஓடினாலும் பரவாயில்லை. யாருக்கேனும் திரையைக் காட்டுவதற்காக ஏற்றிய தொலையியக்கச் செயலி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அதன்பின் இணைய வங்கிக் கணக்கைத் திறந்து, கடைசியாக நுழைந்த நாளும் நேரமும் உங்களுடையவைதாமா, பணம் பெறுவோர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத பெயர் ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். அறியாத பெயர் ஒன்று இருந்தாலும், அதை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள்.