திறப்பு யாருடையது?

என் கெட்டிக்காரப் பிள்ளைகளே! கொன்சோல் வாங்கக் காசில்லை, அதன் விளையாட்டைக் கணினியில் விளையாடினால் பிழையா? உங்களில் பலருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். நல்ல கேள்வி. பெரிய நீதிமன்றங்களையே அலைக்கழித்த கேள்வி.

கணினியைக் கொன்சோல் போல நடிக்க வைக்கும் மென்பொருளுக்கு எமுலேற்றர் என்று பெயர். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்திருப்பீர்கள். பகலில் வயலில் நின்ற மாமா இரவில் வேஷம் கட்டிக் கோவலனாக வருகிறார். நடிப்பதில் குற்றமே இல்லை. கையில் இருக்கும் சிலம்பு யாருடையது என்பதில்தானே அந்தக் கதையில் வழக்கே வந்தது! எமுலேற்றர் கதையில் அந்தப் பொருள் ஒரு திறப்பு.

என்ன திறப்பு? கொப்பியை எடுங்கள். க, ங, ச, ஞ என்று பதினெட்டு மெய்களையும் வரிசையாக எழுதுங்கள். 'பட்டம்' என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு இடம் தள்ளுங்கள். ப, ய ஆகும். ட, த ஆகும். ம், ர் ஆகும். 'யத்தர்' என்று வருகிறதா? சபாஷ்! இதுதான் மறைகுறியாக்கம். 'இரண்டு' என்பதுதான் திறப்பு. அது தெரிந்த தோழிக்கு மட்டும் பட்டம் தெரியும்.

இதை உடைப்பது சுகம். 17 தரம் முயன்றால் போதும். ஆனால் பல கொன்சோல்களில் விளையாட்டைப் பூட்டி வைக்கும் ஏ.ஈ.எஸ். 128 என்ற முறையில் எத்தனை திறப்புகள் இருக்கலாம் தெரியுமா? அந்த எண்ணை எழுதவே 39 இலக்கங்கள் வேண்டும். அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கும் அண்ணா, அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ஊகித்துப் பிடிக்கவே முடியாது என்பார்கள்.

ஆனால் கொன்சோல் தன் விளையாட்டைத் தானே திறந்தாக வேண்டுமே! அதனால் திறப்பு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். நிண்டெண்டோ 2006 இல் வெளியிட்ட 'வீ' என்ற கொன்சோல் பெட்டியைச் சிலர் திறந்தார்கள். ஒரு சாமணத்தால் மின்சுற்றுப் பலகையின் சில புள்ளிகளை இணைத்தார்கள். நினைவகத்தில் ஒளிந்திருந்த பகுதி தெரிந்தது, திறப்பும் அகப்பட்டது. இத்தனை பெரிய கணக்கை ஒரு சாமணம் வென்றதே!

இனி நீதிமன்றத்துக்குப் போவோம். பிளேஸ்டேஷன் கொன்சோலுக்கு எமுலேற்றர் ஒன்றைச் செய்த கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. பிளேஸ்டேஷனின் உள்மென்பொருளைப் பிரதியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடு என்று 2000 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிளேஸ்டேஷன் தட்டுகளில் மறைகுறியாக்கம் இல்லை. திறப்புப் பற்றிய பேச்சும் எழவில்லை.

2024 பெப்ரவரியில் தன் ஸ்விட்ச் கொன்சோலுக்கு 'யூசு' என்ற எமுலேற்றரைச் செய்தவர்கள் மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது. யூசு திறப்பைத் தன்னோடு தரவில்லை. விளையாடுபவரே தன் ஸ்விட்ச்சிலிருந்து எடுத்துவர வேண்டும். அப்படியானால் பிழை எங்கே என்கிறீர்களா? அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரதியெடுப்பது வேறு, அனுமதியில்லாமல் டிஜிட்டல் பூட்டைத் திறப்பது வேறு. நிண்டெண்டோ முக்கியமாகப் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். ஒரு கிழமைக்குள் சமரசம். 24 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டு யூசுவை மூடினார்கள். சொந்தப் பெட்டியின் திறப்பைச் சொந்தமாகப் பயன்படுத்தலாமா என்று நீதிபதி சொல்லவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

நம் இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. மென்பொருளை முறையாக வாங்கியவர், அது பழுதானால் உதவ ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். பிரதியெடுப்பதைத் தடுக்கும் பூட்டை மீறவென்றே செய்த கருவியை விற்பனைக்காகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. சரி, கூட்டாளி பென் டிரைவில் தந்த விளையாட்டு? அது நீங்கள் வாங்கியதல்ல. அந்த ஒரு பிரதிச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

முகத்தைச் சுருக்காதீர்கள். பழைய கேம் போய் பெட்டிக்காக இன்றும் பலர் புதிய விளையாட்டுகளை எழுதி இலவசமாகத் தருகிறார்கள். எமுலேற்றரில் அவை நன்றாக ஓடும். திறப்பே தேவையில்லை.